துனிசியன் குரோஷாவில் கவுல்: சுருளாமல், விறைக்காமல் வர எந்த டெக்ஸ்ச்சர் போடலாம்?

செல்லூர் கைவேலை

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகளுக்குக் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. ஐப்பசியிலேயே அங்கே குளிர் தாங்கவில்லை என்கிறாள். ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு போனால் கரும்பலகையில் எழுதும்போது ஒரு முனை நழுவி நழுவி விழுகிறதாம். அதனால் தலை வழியாக மாட்டிக்கொள்கிற கவுல் ஒன்று போட்டுக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். முனையே இல்லாத வளையம் என்பதால் விழாது.

சாதாரண குரோஷா எனக்கு நல்ல பழக்கம். பள்ளிக் கைவேலை வகுப்பில் படித்தது, இன்றுவரை கை விடவில்லை. நீள ஊசியில் லூப்களை அடுக்கிவைத்துப் போடுகிற துனிசியன் மட்டும் புதிது. அதன் நெருக்கமான முகம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், நீள ஊசி 5 மி.மீ. ஒன்று வாங்கி, 8 ப்ளை அக்ரிலிக் உல்லன் நூலில், அதன் அடிப்படை ஸ்டிச்சான சிம்பிள் ஸ்டிச்சில் ஒரு கைக்குட்டை அளவுக்குப் போட்டுப் பார்த்தேன். பார்க்க அழகுதான். ஆனால் அடி ஓரம் என் பக்கமாகச் சுருண்டு மேலே ஏறி வருகிறது. துணியும் பலகை மாதிரி விறைப்பாக இருக்கிறது. கழுத்தில் போட்டால் மடிந்து விழாமல் விறைத்து நிற்கும்.

கேட்க வேண்டியது இதுதான்: ஊசியை மாற்றணுமா, நூலை மாற்றணுமா, ஸ்டிச்சை மாற்றணுமா? வெறும் சிம்பிள் ஸ்டிச்சாக இல்லாமல் மேடு பள்ளமாக ஒரு டெக்ஸ்ச்சர் இருந்தால் நல்லது. அப்புறம், பெரிய சைஸ் நீள ஊசி மதுரையில் எங்கே கிடைக்கும்?

தல்லாகுளம் ஊசி

மூன்றையும் சேர்த்துப் பார்க்கணும். ஆனால் வரிசை உண்டு: முதலில் ஊசி, அப்புறம் ஸ்டிச், கடைசியில்தான் நூல்.

உங்கள் 8 ப்ளை பந்தின் லேபிளில் பெரும்பாலும் 4 மி.மீ. என்று போட்டிருக்கும். அது நிட்டிங்குக்குச் சொன்ன அளவு. துனிசியனுக்கு அதைவிட 2 மி.மீ. பெரிதாக எடுத்தால்தான் துணி தளரும். ஒரே வரிசையைப் போக ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை என்று இரண்டு தரம் நெய்கிறோம் இல்லையா? திரும்பும்போது விழுகிற செயின்கள் எல்லாம் துணியின் பின்பக்கம் போய் அடைகின்றன. ஊசி சின்னதாக இருந்தால் அவற்றுக்கு இடமே கிடையாது. உங்கள் விறைப்பு அங்கேதான் இருக்கிறது. 6 அல்லது 6.5 போட்டுப் பாருங்கள், அதே நூல் வேறு நூலாகத் தெரியும்.

சுருளும் அதே காரணத்தால் வருவதுதான். சிம்பிள் ஸ்டிச்சில் கனமெல்லாம் பின்பக்கம், முன்பக்கத்தில் செங்குத்தாக நிற்கிற இழைகள் மட்டும். இரண்டு பக்கமும் சமமாக இல்லாததால் துணி மெல்லிய பக்கமாக மடங்குகிறது. நிட்டிங் துணி மாதிரித் தெரிகிற நிட் ஸ்டிச்சில் இது இன்னும் மோசம். ஊசியைப் பெரிதாக்கினால் சுருள் குறையும், முழுதாகப் போகாது. முழுதாகப் போக வேண்டுமானால் கனத்தில் கொஞ்சத்தை முன்பக்கம் கொண்டுவரணும். பர்ல் ஸ்டிச் அதைத்தான் செய்கிறது. நூலை ஊசிக்கு முன்னால் கொண்டுவந்து, அதே நிற்கிற இழைக்குள் ஊசியை விட்டு, நூலைச் சுற்றி இழுத்தால் முன்பக்கம் ஒரு சின்ன மேடு விழும். சிம்பிளும் பர்லும் பாதிக்குப் பாதி கலந்தால் துணி மேசையில் படுத்துக் கிடக்கும்.

அதனால்தான் டெக்ஸ்ச்சர் கேட்டதும் எனக்கு சந்தோஷம். நிறையப் பேர் அதை மேலே ஒட்டுகிற அலங்காரமாக நினைக்கிறார்கள். துனிசியனில் துணி ஒழுங்காக விழுவதே அதனால்தான்.

உங்களுக்கு நான் சொல்வது கூடைப் பின்னல். 42 செயின் போடுங்கள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று ஓர ஸ்டிச், நடுவில் 40. அந்த 40-இல் நாலு சிம்பிள், நாலு பர்ல், திரும்ப நாலு சிம்பிள், நாலு பர்ல் என்று 4 வரிசை. அடுத்த 4 வரிசையில் இடம் மாற்றி, சிம்பிள் இருந்த இடத்தில் பர்ல், பர்ல் இருந்த இடத்தில் சிம்பிள். இப்படியே மாறி மாறி. 6 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 16 ஸ்டிச் வந்தால் 42 ஸ்டிச் சுமார் 26 செ.மீ. அது கவுலின் உயரம். சுற்றளவுக்கு வரிசைகளை வளர்த்துக்கொண்டே போய் முனைகளை இணைத்துவிட்டால் முடிந்தது.

வைகை நூல்

ஊசிக்கு பதில் சொல்கிறேன். புது மண்டபத்தில் இருந்த தையல் சாமான் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கேயும், விளக்குத்தூண் பக்கமும், சாதாரண குரோஷா ஊசி, உல்லன் நூல் பந்து எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். நீளமான துனிசியன் ஊசி, அதுவும் 6, 6.5 சைஸில், நான் கேட்ட கடைகளில் இல்லை. ஆன்லைனில்தான் வரவழைத்தேன்.

வாங்கும்போது இரண்டு வகையில் எது வேண்டும் என்று முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று, கடைசியில் குமிழ் வைத்த நேர் ஊசி. 42 லூப் என்றால் 35 செ.மீ. நீள ஊசி தாராளம். இன்னொன்று, குட்டி ஊசியின் வாலில் பிளாஸ்டிக் கேபிள் மாட்டியது. எடை மடியில் இறங்கிவிடும், மணிக்கட்டு வலிக்காது. கேபிள் இருந்தால் கவுலைக் குறுக்கே போடாமல் சுற்றளவு முழுக்க லூப் எடுத்தும் போடலாம்.

ஊசி வருவதற்குள் மாதிரித் துண்டு போட வீட்டில் உள்ள சாதாரண ஊசியே போதும். கட்டைவிரல் வைக்கிற தட்டை இல்லாத, முழுக்க உருண்டையான ஊசியாக இருக்கணும். அடியில் ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் லூப் வழுக்கி விழாது. 15, 16 லூப் தாங்கும்.

இன்னொன்று. நம்ம ஊர் புழுக்கத்தில் கை வியர்த்தால் அலுமினிய ஊசியில் அக்ரிலிக் நூல் ஒட்டி ஒட்டி வரும். மூங்கில் ஊசி அவ்வளவு படுத்தாது.

திருமங்கலம் டீச்சர்

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கு சாதாரண குரோஷாவே அரைகுறைதான். "போக ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை" என்று தல்லாகுளம் அக்கா சொல்வது கையில் எப்படி என்று யாராவது விளக்குவீர்களா? வீடியோவில் கை வேகமாக ஓடுகிறது, பிடிபடவில்லை.

வைகை நூல்

டீச்சர், ஊசியும் நூலும் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

42 செயின் போட்டாயிற்று. ஊசியில் ஒரு லூப் இருக்கிறது, அதுதான் முதல் ஸ்டிச். செயினைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பின்னால் ஒவ்வொரு செயினுக்கும் ஒரு சின்ன மேடு தெரியும். ஊசிக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் செயினை விட்டுவிட்டு, இரண்டாவது செயினின் மேட்டுக்குள் ஊசியை விட்டு, நூலைச் சுற்றி இழுங்கள். லூப் ஊசியிலேயே இருக்கட்டும், முடிக்க வேண்டாம். அடுத்த செயினிலும் அதே. கடைசி வரை போனால் ஊசி முழுக்க 42 லூப் வரிசையாக நிற்கும். இது போகிற வரிசை.

இனி துணியைத் திருப்பவே கூடாது. சாதாரண குரோஷா பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். அப்படியே வைத்துக்கொண்டு நூலைச் சுற்றி ஒரே ஒரு லூப் வழியாக இழுங்கள். அது ஓரத்துக்கான செயின். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் நூலைச் சுற்றி இரண்டு லூப் வழியாக இழுக்கணும். லூப்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்று மிஞ்சும். இது திரும்புகிற வரிசை. இரண்டும் சேர்ந்துதான் ஒரு முழு வரிசை.

இப்போது துணியின் முகத்தில் செங்குத்தாக இழைகள் நிற்கும். ஊசிக்கு நேர் கீழே இருக்கிற இழையை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த இழைக்கு அடியில் வலமிருந்து இடமாக ஊசியை விட்டு லூப் எடுத்தால் சிம்பிள் ஸ்டிச். கடைசி ஓரத்தில் மட்டும் ஒரு இழையாக எடுக்காமல், நிற்கிற இழையையும் அதன் பின்னால் ஒட்டியிருக்கிற இழையையும் சேர்த்து எடுங்கள். அப்போதுதான் இடது ஓரம் தொளதொளவென்று ஆகாது.

ஒவ்வொரு தடவையும் திரும்புவதற்கு முன் லூப்களை எண்ணிவிடுங்கள். 42 இருந்தால் நிம்மதியாகத் திரும்பலாம். விட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஓர ஸ்டிச்தான்.

திருமங்கலம் டீச்சர்

வந்துவிட்டது! செயினின் பின் மேட்டில் எடுக்கிற விஷயம் எந்த வீடியோவிலும் கண்ணில் படவில்லை. அடி ஓரம் சின்னச் சின்ன முடிச்சாக இல்லாமல் சுத்தமாக இருக்கிறது. நன்றி.

பெருமாள்மலை வாசி

நான் மதுரைக்காரி. கல்யாணமாகி கொடைக்கானல் மலைக்கு வந்து வருஷக்கணக்காகிறது. நூல் கடைசிதான் என்று தல்லாகுளம் அக்கா சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கீழே இருந்து பார்த்தால் அப்படித் தோன்றும். இங்கே மார்கழி, தையில் ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகும். அதைவிடத் தொந்தரவு ஈரம். மூடுபனி இறங்கினால் வெளியே நடந்துவிட்டு வரும்போது முடி, துணி எல்லாம் நமுத்துப்போகும். கழுத்தில் இருப்பது ஈரமாகிவிட்டால் அதைப் போட்டிருப்பதைவிடப் போடாமல் இருப்பதே மேல்.

தயவுசெய்து காட்டன் நூலில் மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். மதுரையில் அது சௌகரியம், இங்கே ஒரு தடவை நனைந்தால் காய ரெண்டு மூணு நாள் ஆகும். போடுவதென்றால் நல்ல கம்பளி நூலில் போடுங்கள். செலவு கூடத்தான் ஆகும், ஆனால் பள்ளிக்கூடம் நடந்து போகிற பெண்ணுக்கு அது வேண்டும்.

ஆரப்பாளையம் மில்காரர்

ஸ்பின்னிங் மில்லில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ரிடையர் ஆனவன். என் வீட்டுக்காரம்மா குரோஷா போடுவார். அவருக்கு நூல் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இந்தப் பதிவுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நூல் பற்றிப் பேச்சு வந்ததால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாதாரணக் காற்றில் ஒவ்வொரு நாரும் தன் எடையில் இத்தனை சதவீதம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று ஒரு கணக்கு உண்டு. பருத்திக்கு 8.5 சதவீதம். கம்பளிக்கு 16 சதவீதம் அளவில். அக்ரிலிக்குக்கு 1.5 முதல் 2 வரைதான். கம்பளிதானே அதிகமாகக் குடிக்கிறது, அப்புறம் எப்படி அது நல்லது என்று கேட்பீர்கள். கம்பளி ஈரத்தை நாருக்கு உள்ளே வாங்கிக்கொள்ளும், தொட்டால் ஈரம் தெரியாது. நார் சுருள் சுருளாக இருப்பதால் நனைந்தாலும் படுத்துவிடாது, நடுவில் காற்று நிற்கும். சூட்டைக் காப்பது அந்தக் காற்றுதான். பருத்தி நனைந்தால் நார் ஒட்டிப் படுத்துவிடும், காற்றுக்கு இடமில்லை. அக்ரிலிக் குடிக்கவே குடிக்காது. பனித்துளி இழைகளுக்கு நடுவில்தான் தங்கும், உதறினால் பாதி போய்விடும், சீக்கிரம் காயும்.

ஆகவே மலைக்கு முதலிடம் கம்பளி, இரண்டாவது அக்ரிலிக். பெருமாள்மலை அம்மா சொன்னதில் தவறே இல்லை. ஆனால் செல்லூர் அம்மா கையில் இருக்கிற அக்ரிலிக் நூலும் வீணில்லை. கம்பளி கழுத்தில் அரிக்கிறது என்று சிலர் கழற்றி வைத்துவிடுவார்கள். உங்கள் அக்கா மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். ப்ளை என்பது எத்தனை புரி சேர்த்து முறுக்கியது என்பதுதான். அதை வைத்து நூலின் தடிமனை முடிவு பண்ண முடியாது. ஒரு கம்பெனி 4 ப்ளை இன்னொரு கம்பெனி 8 ப்ளை அளவுக்கு இருக்கும். லேபிளில் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 200 முதல் 250 மீட்டருக்குள் இருந்தால் மேலே சொன்ன 42 ஸ்டிச் கணக்கு பொருந்தும். 100 கிராம் பந்து இரண்டு வாங்கினால் போதும், மிச்சமும் இருக்கும். இரண்டும் ஒரே டை லாட் எண்ணாக, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றினதாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். வேறு வேறு லாட் என்றால் நடுவில் நிறம் மாறுகிற இடம் கோடு போட்டதுபோலத் தெரியும்.

தல்லாகுளம் ஊசி

அய்யா சொன்னது எனக்கே புதிது. மலைக்கு என்றால் நூலையும் முதலிலேயே யோசிக்கணும்தான், பெருமாள்மலை. ஆனால் ஒன்று. நல்ல கம்பளி நூல் வாங்கி 5 மி.மீ. ஊசியில் இறுக்கிப் போட்டால் அய்யா சொன்ன அந்தக் காற்று தங்க இடமே இருக்காது. எந்த நூலாக இருந்தாலும் பெரிய ஊசி வேண்டும்.

தெப்பக்குளம் புள்ளி

கூடைப் பின்னல் நல்லதுதான், ஆனால் எங்கே பார்த்தாலும் அதுதான். மதுரையிலிருந்து போகிற கவுலில் மதுரை இருக்க வேண்டாமா? சுங்குடிப் புள்ளி போடுங்களேன்!

எங்கள் வீட்டில் பாட்டி காலம் வரை சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர்கள். நகத்தால் துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி எடுத்து, காய்ந்ததும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று அவிழும். கட்டின இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி. புதுச் சேலையில் அந்தப் புள்ளி கொஞ்சம் மேடாகவே நிற்கும், தடவினால் விரலுக்குத் தெரியும். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கின சேலை அது. பர்ல் ஸ்டிச்சைத் தனியாக ஒன்று போட்டால் விழுகிற மேட்டைப் பார்த்ததும் எனக்கு அந்தப் புள்ளிதான் ஞாபகம் வந்தது. அதை வைத்து ஒரு குஷன் உறை போட்டேன், அம்மா அதைத் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

அதே 42 ஸ்டிச். நடுவில் 40.
முதல் வரிசை முழுக்க சிம்பிள்.
இரண்டாவது வரிசை: மூணு சிம்பிள், ஒரு பர்ல், இப்படியே 10 தடவை.
மூன்றாவது முழுக்க சிம்பிள்.
நான்காவது வரிசை: ஒரு சிம்பிள், ஒரு பர்ல், ரெண்டு சிம்பிள், இப்படியே 10 தடவை.

நாலு வரிசை சேர்ந்தது ஒரு சுற்று. புள்ளிகள் ஒன்றுவிட்டு ஒன்று நகர்ந்து சாய்சதுரமாக நிற்கும். அரக்கு, மயில் பச்சை, மஞ்சள் என்று சுங்குடிக்கு உரிய அடர்ந்த நிறமாக எடுங்கள். வெளிர் நிறத்தில் புள்ளியின் நிழல் விழாது.

தல்லாகுளம் ஊசி

படித்ததும் ஊசியை எடுத்துவிட்டேன், அருமையான யோசனை. போட்டும் பார்த்தேன், புள்ளி அழகாக எழும்புகிறது. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. இதில் எட்டு ஸ்டிச்சுக்கு ஒன்றுதான் பர்ல். கூடைப் பின்னலில் பாதிக்குப் பாதி. அதனால் சுருள் முழுக்க அடங்காது.

கவுல் என்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு. அடி ஓரத்தையும் கடைசி வரிசையையும் சேர்த்து இணைத்துவிடப் போகிறோம், ஆகவே அங்கே சுருள ஓரமே இருக்காது. மிஞ்சுவது இரண்டு பக்க ஓரம், அவைதான் கழுத்தில் மேலும் கீழும் வரும். அந்த ஓரங்களில் மட்டும் நாலு நாலு ஸ்டிச்சைத் தேன்கூடாகப் போடுங்கள். அதாவது ஒரு சிம்பிள், ஒரு பர்ல் மாறி மாறி. அடுத்த வரிசையில் சிம்பிளுக்கு மேல் பர்ல், பர்லுக்கு மேல் சிம்பிள். நடுவில் மிச்சமிருக்கிற 32-இல் புள்ளி. 32-ம் நாலால் வகுபடும், கணக்கு கெடாது. ஓரம் அடங்கினால் நடு தானாக அடங்கும்.

தெப்பக்குளம் புள்ளி

சேலைக்குக் கரை இருக்கிற மாதிரி ஆகிவிட்டது! இப்படியே நானும் போடுகிறேன்.

அனுப்பானடி பின்னல்

இணைப்பதைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. தட்டையாகப் போட்டு இணைத்தால் அந்த இடத்தில் தடிப்பு விழும், பிடரியில் உறுத்தும். ஆகவே கவுலை வட்டமாகவே போடணும் என்பது என் கட்சி. இரண்டு முனையிலும் கொக்கி உள்ள ஊசி வேண்டும், இரண்டு பந்து நூல் வேண்டும். ஒரு நூலால் லூப்களை எடுத்து ஊசியை நிரப்புவீர்கள். துணியைத் திருப்பி, மறுமுனைக் கொக்கியால் இரண்டாவது நூலை வைத்து லூப்களை முடித்துக்கொண்டு வருவீர்கள். முழுக்க முடிக்காமல் மூணு நாலு லூப் ஊசியில் மிஞ்சும்போது நிறுத்தி, திரும்பவும் முதல் பக்கம். சுற்றிச் சுற்றி வளரும், தையலே கிடையாது. இரண்டு நூலும் வேறு வேறு நிறமாக இருந்தால் எடுக்கிற லூப்புக்கு ஒரு நிறம், முடிக்கிற செயினுக்கு ஒரு நிறம் கலந்து வரும் அழகே தனி.

தல்லாகுளம் ஊசி

வட்டமாகப் போடுவதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் செல்லூர் கைவேலை துனிசியன் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார், முதல் கவுலிலேயே இரட்டைக் கொக்கியும் இரண்டு பந்தும் என்றால் சிக்கு எடுப்பதிலேயே மாலைப் பொழுது போய்விடும். அதோடு வட்டத்தில் திருப்பித் திருப்பிப் போடும்போது பர்லுக்கு நூலை முன்னால் கொண்டுவருவது சிரமம். தட்டையாகவே போடட்டும்.

தடிப்பு வராமல் இணைக்க வழி இருக்கிறது. கடைசி வரிசையைப் பேட்டர்னிலேயே முடியுங்கள். சிம்பிள் இருக்கிற இடத்தில் சிம்பிள் எடுப்பது போல ஊசியை விட்டு, பர்ல் இடத்தில் நூலை முன்னால் வைத்து எடுத்து, உடனே ஊசியில் இருக்கிற லூப் வழியாக இழுத்துவிடணும். தளர்வாக இழுங்கள். அப்புறம் இரண்டு முனையையும் முகம் மேலே தெரிய மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மொட்டை முனைத் தையல் ஊசியால் இந்தப் பக்கம் ஒரு இழை, அந்தப் பக்கம் ஒரு இழை என்று மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே போய், கொஞ்ச தூரம் போனதும் நூலை மெதுவாக இழுத்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். முழுக்க இறுக்க வேண்டாம். மடிப்பாக வைத்துச் சுற்றித் தைத்தால்தான் தடிப்பு. இப்படி எடுத்தால் விரலால் தேடினால்தான் தெரியும்.

வரிசைக் கணக்கும் இதற்கு முக்கியம். கூடைப் பின்னலில் 8 வரிசை ஒரு சுற்று, ஆகவே மொத்தம் எட்டின் மடங்காக இருக்கணும். உதாரணத்துக்கு மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 12 வரிசை வந்தால், 60 செ.மீ.க்கு 72. எட்டால் வகுபடுகிறது, கட்டம் கட்டமாகப் போய்ச் சேரும். புள்ளிக்கு நாலின் மடங்கு போதும். தலைக்குள் நுழைகிறதா என்று இணைப்பதற்கு முன் தலையைச் சுற்றி வைத்துப் பாருங்கள், அவள் கொண்டை போடுகிற பெண்ணாக இருந்தால் இன்னும் ஒரு சுற்று கூட்டுங்கள். இணைக்கும்போது துணி முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேண்டுமென்றே அரை முறுக்கு கொடுத்து இணைக்கிறவர்களும் உண்டு, அதில் முன்கழுத்தில் ஒரு மடிப்பு அழகாக விழும். ஆனால் துணியின் பின்முகம் பாதியில் வெளியே தெரியும், புள்ளி பாதியில் காணாமல் போகும்.

கே.கே. நகர் கைத்தறி

முடித்ததும் ஈரத் துணியைப் போட்டு அயர்ன் பண்ணிவிட்டால் எல்லாச் சுருளும் ஒரே தடவையில் அடங்கிவிடும். இத்தனை கணக்கு எதற்கு?

ஆரப்பாளையம் மில்காரர்

அம்மா, அக்ரிலிக் என்றால் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அக்ரிலிக் சூட்டில் இளகுகிற நார். அயர்ன் பட்டால் நாரின் எழுச்சி போய்த் துணி துவண்டுவிடும், திரும்ப வராது. சுருள் போகும் என்பது உண்மைதான், கூடவே புள்ளியும் போகும். பர்ல் மேடெல்லாம் தட்டையாகப் படுத்துவிடும். இத்தனை பாடுபட்டு எழுப்பின மேடு அது. வெறும் தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பாயில் விரித்து அளவுக்கு இழுத்துவிட்டுக் காயவைத்தால் போதும்.

கம்பளி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி எடுத்து, விரித்துக் குண்டூசி குத்தி அளவு பிடித்துக் காயவைக்கலாம். காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே நிற்கும். ஆனால் சூடான தண்ணீரில் கசக்கினால் இழைகள் பின்னிச் சுருங்கிவிடும், மறுபடி விரிக்க முடியாது.

செல்லூர் கைவேலை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள்.

அவளிடம் கேட்டேன். கம்பளி அவளுக்குக் கழுத்தில் அரிக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் அக்ரிலிக். அரக்கு நிறத்தில் 100 கிராம் பந்து இரண்டு, லாட் எண் பார்த்து வாங்கினேன். 6.5 மி.மீ. மூங்கில் ஊசி வந்தது. சுங்குடிப் புள்ளி, இரண்டு ஓரத்திலும் தேன்கூட்டுக் கரை. ஊசி மாற்றினதுமே துணி கையில் மடங்கி விழ ஆரம்பித்துவிட்டது. என் கைக்கு 10 செ.மீ.க்கு 15 ஸ்டிச் வந்தது, அதனால் உயரம் 28 செ.மீ. ஆகிவிட்டது. குறைக்கவில்லை. காது வரை இழுத்துவிட்டுக்கொள்ளட்டும்.

பக்க ஓரம் சுருளவில்லை. இடது ஓரம் மட்டும் வலது ஓரத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிகிறது. கடைசியில் இரண்டு இழையும் சேர்த்துத்தான் எடுக்கிறேன். வேறு ஏதாவது காரணம் இருக்குமா?

வைகை நூல்

திரும்புகிற வரிசையில் முதலில் ஒரே லூப் வழியாக இழுக்கிறோமே, அந்தச் செயின்தான் இடது ஓரத்தின் உயரம். அதை இறுக்கினால் அந்தப் பக்கம் குட்டையாகும். இழுத்த லூப்பை ஊசியின் உருண்டையான பகுதி வரை ஏற்றிவிட்டு அப்புறம் அடுத்ததுக்குப் போங்கள். இப்போதைய வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் அலசி விரிக்கும்போது இடது ஓரத்தை இழுத்துவிட்டாலே சமமாகிவிடும்.

பெருமாள்மலை வாசி

அக்ரிலிக் என்று முடிவானதில் எனக்கு வருத்தமில்லை, அரிக்கிற கழுத்துக்குக் கம்பளி சரிவராது. ஒன்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். இங்கே துவைத்ததைக் கொடியில் தொங்கப்போட்டால் காயாமல் தொங்கி நீண்டுவிடும், துனிசியன் துணிக்கு எடை அதிகம். தட்டையாக விரிக்கணும். வெயில் வருகிற காலை நேரத்தில் துவைத்து, மத்தியானம் மூடுபனி இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானல் பஸ்ஸில் நீங்களே கொண்டுவந்து கொடுப்பதாக இருந்தால் வழியில் பெருமாள்மலையில் நிற்கும். எனக்கும் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்க்க ஆசை.

செல்லூர் கைவேலை

அவசியம் வருகிறேன். இணைப்பு வேலை மட்டும்தான் பாக்கி. நூல் கால் பந்துக்கு மேல் மிஞ்சும் போலிருக்கிறது, அதே புள்ளியில் காதுக்கு ஒரு பட்டை போட முடியுமா என்று பார்க்கிறேன். 18 ஸ்டிச் போதுமா, தல்லாகுளம் அக்கா?

தல்லாகுளம் ஊசி

18 சரியாக வரும். ஓர ஸ்டிச் ரெண்டு, கரைக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, நடுவில் புள்ளிக்கு 8. சுற்றளவை மட்டும் தலை அளவைவிட நாலைந்து செ.மீ. குறைவாக வையுங்கள், போட்டால் இழுத்துப் பிடிக்கணும்.